தூங்க வைப்பவர்களின் தூக்கம்

எங்கள் வேலைக்குத் தமிழில் கிடைத்த சொல் மயக்கம். வெயிலில் நின்று தலைசுற்றி விழுந்தாலும் மயக்கம்தான், ஒருத்தரைப் பார்த்துக் கிறங்கினாலும் மயக்கம்தான், வயிற்றைக் கீறும்போது வலி தெரியாமல் கிடப்பதும் மயக்கம்தான். அதனால் ஊரில் எனக்கு இருக்கும் பட்டம் ‘மயக்க ஊசி டாக்டர்’. பெரியம்மா ஒருத்தி இன்னமும், “பெரிய டாக்டருக்கு எப்பம்மா படிக்கப்போற?” என்று கேட்கிறாள். எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், எம்டி மூன்று வருடம், அதற்குப் பிறகு தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் பதினொரு வருடம். பெரியம்மாவுக்கு நான் இன்னும் பெரிய டாக்டர் ஆகவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன யாருக்கும் மயக்க மருந்து கொடுத்தவர் பெயர் நினைவிருப்பதில்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஒன்றும் நினைவில்லாமல் பார்த்துக்கொள்வதுதானே எங்கள் வேலை. ஆனால் வருடம் கழித்து இடுப்பு வலித்தால் மட்டும் எங்கள் ஞாபகம் வந்துவிடும். “முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அன்னையில இருந்துதான் இடுப்பு விட்டுப்போச்சு” என்று சொல்லாத தாய்மார் நம் ஊரில் குறைவு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர்க்குடம் தூக்கியது, குனிந்தே பால் கொடுத்தது, சாப்பிடாமல் கிடந்தது எதுவும் கணக்கில் வராது. பழி ஊசிக்குத்தான்.

அந்த ஊசியைப் பற்றியே கொஞ்சம் சொல்கிறேன். சிசேரியனுக்கு வரும் பெண்ணை உட்கார வைத்து, முதுகை வளைக்கச் சொல்லி, இடுப்பெலும்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்து, இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்றைச் செலுத்துவோம். தண்ணீர் போலத் தெளிந்த திரவம் சொட்டாக எட்டிப் பார்க்கும். கிட்டத்தட்ட இரண்டு மில்லி மருந்து, அவ்வளவுதான். சில நிமிடங்களில் கால் சூடாகி, கனத்து, பிறகு இல்லாமலே போய்விடும். வலி மட்டுமல்ல, ரத்த அழுத்தமும் இறங்கும். அது மானிட்டரில் தெரிவதற்கு முன்பே அவள் வாயில் வந்துவிடும்: “டாக்டர், வாந்தி வர்ற மாதிரி இருக்கு.” அந்தக் குரலைக் கேட்டதும் கை தானாக மருந்துக்குப் போகவேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் நான்தான்.

முழு மயக்கம் என்றால் கதை வேறு. தசைகளைத் தளர்த்தும் மருந்து உள்ளே போனதும் மூச்சு நின்றுவிடும். அந்த நிமிடத்திலிருந்து மறுபடி அவர் தானாக மூச்சு இழுக்கும் வரை அந்த மூச்சு எங்கள் பொறுப்பு. “ஊசியைப் போட்டுட்டு உக்காந்திருப்பீங்க” என்று என் தம்பி கேலி செய்வான். உட்கார்ந்திருப்பது உண்மைதான். எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

*

ஆபரேஷன் தியேட்டரில் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் ‘பீப்’ சத்தத்தைச் சினிமாவிலாவது கேட்டிருப்பீர்கள். விரலில் மாட்டியிருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் சத்தம் அது. ஜப்பானியரான டகுவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்த தத்துவம். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு அதை வாங்கி வைத்திருந்தோம். தியேட்டர் கருவியில் ஒரு சூட்சுமம் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கிக்கொண்டே வரும். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தாலும், கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தாலும் காது அந்தச் சுருதியிலேயே இருக்கும்.

பிரச்சினை என்னவென்றால், வீட்டுக்கு வந்த பிறகும் காது அதிலிருந்து இறங்குவதில்லை. மிக்ஸி ஓடி நின்றால் திடுக்கென்கிறது. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் முடிந்து கத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். என் மகள் அவளுடைய கேம் ஒன்றில் தோற்கும்போது சத்தம் கீழே இறங்கி வரும், அந்த ஒரு கேமை மட்டும் சத்தமில்லாமல் விளையாட அவளாகவே பழகிக்கொண்டாள். எட்டு வயது. “அம்மாவுக்குப் பிடிக்காது” என்று தோழிகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

இந்தத் தொழில் தன்னைச் செய்கிறவர்களை ஆரம்பத்திலிருந்தே சாப்பிட்டிருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 16-ஐ உலக மயக்கவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 1846-இல் அன்றுதான் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்ய முடியும் என்று ஊரறியக் காட்டினார். எங்கள் துறையிலும் கேக் வெட்டுவோம். ஆனால் மார்ட்டனுக்கு முன்பே அதே ஊரில் அதே காரியத்துக்காக நின்றவர் ஹோரஸ் வெல்ஸ் என்கிற பல் மருத்துவர். 1844-இல் வேடிக்கைக் காட்சி ஒன்றில் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்தவர்களுக்கு வலி தெரியாததைக் கவனித்து, தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தவர். அடுத்த ஆண்டு பாஸ்டனில் செய்துகாட்டியபோது நோயாளி முனகிவிட்டார், கூடியிருந்தவர்கள் ஏளனம் செய்தார்கள். அதிலிருந்து அவர் மீளவில்லை. பின்னாளில் குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்துச் சோதித்து அதற்கு அடிமையானார். 1848 ஜனவரியில், நியூயார்க் சிறை ஒன்றில், 33 வயதில் தன்னை மாய்த்துக்கொண்டார்.

அக்டோபர் 16 அன்று வெல்ஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வேலை இது. மனசு உடைந்த ஒருவர் அதே அறையில் தனியாக மணிக்கணக்கில் இருக்கிற வேலையும்கூட.

*

‘பர்ன் அவுட்’ என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் 1974-இல் எழுதியவர் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். இலவச மருத்துவ மையம் ஒன்றில் ஆர்வமாக வேலை செய்ய வந்தவர்கள் கொஞ்ச நாளில் கரிந்துபோவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று, ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு. இரண்டு, எதிரில் இருக்கும் ஆளை ஆளாகவே பார்க்காத ஒரு விலகல். மூன்று, செய்வதில் பிரயோஜனமே இல்லை என்ற எண்ணம். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் ஐசிடி-11 நோய்ப்பட்டியலில் இதற்கு விளக்கம் எழுதியபோது, இது ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் நெடுநாள் சரிசெய்யப்படாமல் விடப்பட்ட அழுத்தத்தால் வரும் நிலை என்றது. இந்த ஒரு விளக்கத்தை எல்லா மருத்துவமனைச் சுவரிலும் எழுதிவைக்கலாம். பழுது வேலையிடத்தில் இருக்கிறது. மாத்திரையை ஆளுக்குக் கொடுத்துப் பயனில்லை.

தமிழில் இதற்குப் பலரும் பலவிதமாக மொழிபெயர்ப்பு செய்து பார்க்கிறார்கள். எங்கள் அம்மா சொல்லும் சொல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது: மனசு விட்டுப்போச்சு. உடையவில்லை, எரியவில்லை. பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று பிடியை விட்டுவிடுகிறது.

எங்கள் ஊரில் தனியார் நர்சிங் ஹோம்களுக்குப் போய் மயக்க மருந்து கொடுக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அறுபது தாண்டிவிட்டது. எந்த மருத்துவமனையிலும் அவர் வேலையில் இல்லை, எல்லா மருத்துவமனையிலும் இருப்பார். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பை. அதில் லாரிங்கோஸ்கோப், டியூப்கள், கொஞ்சம் மருந்து, ஒரு டிபன் பாக்ஸ். நடுராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் இருபது நிமிடத்தில் நிற்பார். போகாவிட்டால் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். கேஸுக்கு இவ்வளவு என்று பேச்சு, அதுவும் கைக்கு வர மாதங்கள் ஆகும். அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது பார்க்கப் போயிருந்தேன்.

“நல்லா ரெஸ்ட் எடுங்க சார்.”

“எடுக்குறேம்மா. ஆனா ஒண்ணு சொல்லட்டா? ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா என்ன செய்யணும்னே தெரியல. டீவி முன்னாடி உக்காந்தா நிமிஷத்துக்கு ஒருதடவை போனை எடுத்துப் பாக்குறேன். முப்பது வருசமா யாரோ கூப்பிடுவாங்கன்னே இருந்துட்டேன்.”

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “இவர் வீட்டுலயும் ஆன் கால்தான்” என்று சொல்லிப் போனார். சிரிப்பாகத்தான் சொன்னார்.

*

இனி எழுதப்போவதை என் மாணவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். எழுதியதை அவள் வாசித்துப் பார்த்தாள். ஒரு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.

முதல் வருடம் சேர்ந்தபோது அவள் குழந்தைகள் கேஸ் என்றால் ஓடி வருவாள். குழந்தைகளுக்கு ஊசி குத்தாமல் முதலில் முகமூடி வழியாகத்தான் வாயுவைக் கொடுப்போம். முகமூடியைப் பார்த்ததும் எல்லாப் பிள்ளையும் வீறிட்டு அழும். இவள் குனிந்து காதோரம் ஏதாவது பாடிக்கொண்டே முகமூடியைக் கிட்டே கொண்டுபோவாள். பாட்டுக்கு அர்த்தமெல்லாம் கிடையாது, பிள்ளையின் பெயரையே ராகமாக இழுப்பாள். தியேட்டர் சிஸ்டர் ஒருவர், “இந்தப் பொண்ணு டியூட்டின்னா எனக்கே தூக்கம் வருது” என்பார்.

இரண்டாம் வருடத்தில் ஓர் இரவு, ஒன்றரை மணிக்கு, தொலைவில் ஓர் ஊரிலிருந்து பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்காத பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது பிரசவம். கருப்பை சுருங்கவில்லை. உள்ளே கொண்டுவரும்போது நினைவு இருந்தது. என் மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ளைக்கு யாரு பால் குடுப்பா?” என்று கேட்டாளாம். இவள், “நீங்கதான் குடுப்பீங்க, கொஞ்ச நேரம் தூங்குங்க” என்றிருக்கிறாள். ரத்தம் ஏற்றி, மருந்து கொடுத்து, கருப்பையை எடுத்து, எல்லாம் செய்தோம். 4 மணி 10 நிமிடத்துக்கு முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் ஒரு தாய் இறந்தால் அது சும்மா கடந்துபோகாது. விசாரணை நடக்கும், மாவட்ட ஆட்சியர் வரை கேட்பார்கள். பிரசவத்தில் சாகும் தாய்மார் எண்ணிக்கை நம் மாநிலத்தில் இவ்வளவு குறைந்ததற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு ரத்தம் வந்தது, யார் எப்போது வந்து நின்றார்கள் என்று ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குக் கேட்டார்கள். எங்கள் பக்கம் செய்யவேண்டியதெல்லாம் நேரத்துக்குச் செய்யப்பட்டிருந்தது என்று எழுதினார்கள். எல்லாக் கேள்விகளும் நியாயமான கேள்விகள். கேட்கப்படாத ஒன்று உண்டு. 4.10-க்கு அந்த மரணம். 4.50-க்கு அடுத்த சிசேரியன், வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பு குறைந்துகொண்டிருந்தது, காத்திருக்க முடியாது. அந்தப் பெண்ணுக்கு முதுகில் ஊசி போட்டது இதே மாணவிதான். காலை எட்டு மணிக்கு வழக்கமான லிஸ்ட். அதிலும் அவள் இருந்தாள். அவள் தண்ணீர் குடித்தாளா என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: இரண்டாவது பாதிக்கப்பட்டவர். முதலில் பாதிக்கப்படுவது நோயாளியும் அவர் குடும்பமும். அடுத்தது அங்கே நின்றிருந்த மருத்துவர் அல்லது செவிலியர். இந்தப் பெயர் பொருத்தமா என்று பெரிய விவாதம் நடக்கிறது. பெயர் எதுவாகவும் இருக்கட்டும். மூன்று வாரம் கழித்து அவள் என் அறைக்கு வந்து நின்றாள்.

“மேம், ஒரு உதவி கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது.”

“சொல்லு.”

“தூக்கம் வரமாட்டேங்குது மேம். டியூட்டி முடிஞ்சு ரூமுக்குப் போனாலும் முழிச்சே கெடக்கேன். ஒரு அரை மிடாஸ் போட்டுக்கிட்டா…”

மிடாஸ் என்பது நாங்கள் தினமும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து. வேறு துறையில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் ‘தூங்கி எந்திரிச்சா சரியாப்போகும்’ என்று சொல்லி அனுப்பலாம். எங்கள் துறையில் அப்படி முடியாது. எங்களிடம் இரட்டைப் பூட்டு உண்டு, பதிவேடு உண்டு, இரண்டு கையெழுத்து உண்டு. பூட்டு திருடனுக்குத்தான். தூக்கம் வராமல் தவிக்கிற பிள்ளைக்கு அது பாதுகாப்பு இல்லை. அவள் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் கேட்டாளே என்பதுதான் என் மனதில் ஓடியது.

கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். டீ ஆறிப்போகும் வரை பேசவில்லை. பிறகு சொன்னாள்.

“நான் இப்பல்லாம் மானிட்டரை மட்டும்தான் பாக்குறேன் மேம். மூஞ்சியைப் பாக்குறதில்ல. மூஞ்சியைப் பாத்தா அது கூடவே ரூமுக்கு வந்துருது.”

மாஸ்லாக் புத்தகத்தில் எழுதிய விலகலை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கல்மனசுக்காரர்கள்தான் முகத்தைப் பார்க்காமல் இருப்பார்கள் என்று நினைக்கிறோம். முகம் கூடவே வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் அப்படித்தான் ஆகிறார்கள்.

“வீட்ல யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“எங்கப்பா ஊர்ல எல்லார்கிட்டயும் ‘எம்பொண்ணு எம்டி’ன்னு சொல்லிட்டுத் திரியுறாரு மேம். அவர்ட்ட எப்படிச் சொல்ல?”

மனநல மருத்துவத் துறையில் இருக்கும் என் தோழியிடம் அன்றே அழைத்துப் போனேன். துறைக்குள் பேச்சு பரவாமல் பார்த்துக்கொண்டோம். அவள் அக்கா வந்து இரண்டு வாரம் கூடத் தங்கினாள். அந்த இரண்டு வாரமும் இரவுப் பணி இல்லை. அந்த இரவுகளை நானும் இன்னும் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

*

துறைத்தலைவரிடம் போனபோது அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர், கை சுத்தம், வேலையில் புலி. “நாங்கல்லாம் 48 மணி நேரம் தொடர்ந்து பாத்திருக்கோம்மா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தாங்குற சக்தி இல்ல” என்றார்.

“உங்க பேட்ச்ல எத்தனை பேர் சார் இன்னும் மயக்க மருந்து குடுக்குறாங்க?”

விரல் விட்டு எண்ணினார். ஆறு பேர் படித்தார்களாம். ஒருவர் வெளிநாட்டில். ஒருவர் ரியல் எஸ்டேட். ஒருவர் குடித்துக் குடித்தே போனார். ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை. மீதி இவரும் இன்னொருவரும். எண்ணி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன செய்யலாங்குற?” என்று கேட்டார்.

தூக்கமின்மை பற்றி எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் ஓர் ஆய்வு இருக்கிறது. டாசன், ரீட் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை, கண் வேகம் ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 0.03%. அதாவது சாலையில் போலீஸ் நிறுத்தி அபராதம் போடும் நிலைக்கும் மேலான நிலையில் நாங்கள் இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அது முடிந்த பிறகு வண்டியும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். பிரிட்டனில் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பிய பயிற்சி மயக்க மருத்துவர் ஒருவர் கார் விபத்தில் இறந்த பிறகு, அங்கே பயிற்சியாளர்களிடம் கேட்டார்கள். பதில் சொன்னவர்களில் 57% பேர் இரவுப் பணி முடிந்து போகும்போது விபத்தில் சிக்கியோ நூலிழையில் தப்பியோ இருந்தார்கள். அங்கே மயக்கவியலாளர் சங்கம் ஓர் இயக்கமாகவே இதை எடுத்துக்கொண்டது.

இங்கே விதி இல்லாமல் இல்லை. பயிற்சி மருத்துவர்களுக்கு வழக்கமாகத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது 1992-இல். தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வெளியிட்ட விதிகள் ‘நியாயமான வேலை நேரம்’ என்கின்றன, எத்தனை மணி என்று சொல்லவில்லை. 2024-இல் அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டவேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48-இல் தொடங்கி 74-க்கு வந்திருக்கிறோம், அந்த 74-ம் பல இடங்களில் கனவுதான்.

நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. டியூட்டி சார்ட்டைக் கலைத்து, பிஜிக்களுக்கு 24 மணி நேரப் பணியை 12 ஆக்கினோம். இரவு பார்த்தவர் காலையில் வீட்டுக்குப் போயே ஆகவேண்டும், ‘லிஸ்ட்டு முடிஞ்சதும் போ’ கிடையாது. இதற்கு முதல் எதிர்ப்பு வந்தது எங்கள் ஆட்களிடமிருந்தே. 24 மணி நேரம் பார்த்துவிட்டால் அடுத்த நாட்கள் வெளியே பிராக்டீஸுக்குப் போகலாம், அது பலருக்கு வீட்டுக் கடன். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. கடைசியில் பிஜிக்களுக்குக் கட்டாயம், ஆசிரியர்களுக்கு விருப்பம் என்று முடிந்தது. ஆள் குறைந்த இடத்தை நிரப்ப மாதம் ஓர் இரவு எனக்குக் கூடியது.

அடுத்தது படுக்கை. தியேட்டர் பக்கத்தில் பழைய பாயில்ஸ் மெஷினும் கால் உடைந்த ஸ்டூல்களும் போட்டுவைத்த அறை ஒன்று இருந்தது. ஒழித்து, வெள்ளையடித்து, இரண்டு கட்டில் போட்டோம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுத்தான். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைக்கவேண்டும் என்று பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நீண்ட பணிக்கு நடுவே ஓய்வெடுக்கப் போன அந்த மருத்துவருக்குக் கிடைத்தது ஒரு கருத்தரங்க அறை. அது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அறைச் சுவரில் 14416 என்று டெலிமானஸ் எண்ணையும் ஒட்டிவைத்தோம். யாரும் பார்க்காதபோது பார்த்துக்கொள்ளும் இடம் அது.

நீண்ட ஆபரேஷன் என்றால் நடுவே பதினைந்து நிமிடம் இன்னொருவர் வந்து நிற்பார், இவர் போய்ச் சாப்பிட்டு வரலாம். ஆள் மாறினால் தவறு நடக்காதா என்று சர்ஜன் கேட்டார். நியாயமான பயம். ஆனால் ஜெஃப்ரி கூப்பர் என்பவர் அமெரிக்காவில் எண்பதுகளிலேயே இதை ஆராய்ந்து, புதிதாக வந்து நிற்பவரின் கண்ணில் பட்டு வெளிவந்த கோளாறுகள்தான் அதிகம் என்று காட்டியிருக்கிறார். ஒப்படைக்கும்போது சொல்லவேண்டியதை ஒரு தாளில் அச்சடித்து மெஷினில் ஒட்டினோம்.

கடைசியாக, டேபிளில் ஒரு மரணம் நடந்தால் அரை மணி நேரம். அந்த ஆள் அடுத்த கேஸைத் தனியாக ஆரம்பிக்கக் கூடாது. வேறு ஆளே இல்லையென்றால் மூத்தவர் ஒருவர் வந்து பக்கத்தில் நிற்கவேண்டும், வீட்டில் இருந்தாலும் சரி. இரண்டு நாளுக்குள் அன்று இருந்தவர்கள், சிஸ்டரும் தியேட்டர் அசிஸ்டென்டும் ஆயாம்மாவும் உட்பட, ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம். முதல் கூட்டத்தில் ஆயாம்மாதான் அழுதார். “இருபது வருசமா ரத்தத்தைத் துடைக்கேன், என்னை இப்படி யாரும் உக்கார வச்சதில்ல” என்றார். மயக்க டாக்டர்கள் நலன் என்று ஆரம்பித்தது அங்கே எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி மருத்துவமனையிலும் ஒரு வகுப்பு நடத்தினார்கள். இரவுப் பணி முடித்தவர்களும் கட்டாயம் வரவேண்டும் என்று சுற்றறிக்கை. மதியம் இரண்டு மணிக்கு. மூச்சுப் பயிற்சி சொல்லித்தந்தவர், “கண்ணை மூடுங்க” என்றார். என் வரிசையில் நான்கு பேர் அப்படியே தூங்கிவிட்டார்கள். மூச்சுப் பயிற்சியில் எனக்கு விரோதமில்லை. அன்றைக்கு அவர்களுக்குத் தேவைப்பட்ட சிகிச்சை அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

*

ஏழு மாதம் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆள் பற்றாக்குறை அப்படியே இருக்கிறது. போன மாதம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் விடுப்பில் போனபோது 12 மணி நேரம் 18 ஆனது. அரை மணி நேர விதி இதுவரை மூன்று தடவை தேவைப்பட்டது. இரண்டு தடவை கடைப்பிடித்தோம். மூன்றாவது முறை அடுத்த தியேட்டரில் கேஸ் காத்திருந்தது, மூத்தவர் வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் சிஸ்டர் ஒருவர் தன் டியூட்டி முடிந்தும் போகாமல் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

மாணவி இப்போது மூன்றாம் வருடம். இரவுப் பணிக்குத் திரும்பிவிட்டாள். மருந்து இல்லாமல் தூங்குகிறாள், எல்லா நாளும் இல்லை. குழந்தைகளின் முகத்தைப் பார்க்கிறாளாம். “பெரியவங்க மூஞ்சி இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு மேம், ஆனா பேர் கேக்குறேன்” என்றாள். தேர்வு வருகிறது. அப்பாவிடம் பாதி சொல்லியிருக்கிறாள். அவர் ஒன்றும் கேட்காமல் அடுத்த நாள் பஸ் ஏறி வந்து, ஒரு தூக்கில் நாட்டுக்கோழிக் குழம்பு கொடுத்துவிட்டுப் போனாராம்.

இதை வாசிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ என்றாவது ஆபரேஷன் நடக்கலாம். முந்தின நாள் ஒருவர் வந்து வாயைத் திறக்கச் சொல்வார், கழுத்தை அசைக்கச் சொல்வார், ஆடுகிற பல் இருக்கிறதா, எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். அவரிடம் பெயர் கேளுங்கள். எங்களில் பலருக்கு அது ஒரு வாரத்துக்குத் தாங்கும். ஒருமுறை சிசேரியனுக்கு வந்த பெண்ணின் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீ ராத்திரி தூங்குனியா தாயி?” என்று கேட்டார். தூங்கியிருந்தேன், புதிய கட்டிலில், மூன்று மணி நேரம். “தூங்குனேன் பாட்டி” என்றேன். “அப்பச் சரி” என்று மருமகளை அனுப்பிவைத்தார். எந்தத் தரச்சான்றிதழ்க் குழுவும் எங்களிடம் கேட்காத கேள்வி அது.

துறைத்தலைவர் ஓய்வுபெற்றுவிட்டார். புதிதாக வந்திருக்கும் நிர்வாகத்துக்கு இடம் போதவில்லை. கட்டில் போட்ட அறையைப் பழைய கோப்புகள் வைக்கக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். 1992 வழிகாட்டுதலையும் 2024 பரிந்துரையையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். நேற்று மாணவி வந்து, “நானும் வரேன் மேம், எனக்கு அன்னைக்கு நைட் ஆஃப்தான்” என்றாள். நைட் ஆஃப் என்றால் தூங்கவேண்டிய நேரம். வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கவேண்டும். பத்தரைக்கு வந்துவிடு என்றேன்.